அசரீரியும் எருமையும்

நாடகக் குழுவில் எல்லோரும் அவளை அசரீரி என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையில் நிற்கிறவர்களுக்கு வசனம் மறந்துபோனால் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுப்பது அவள் வேலை. ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். பகலில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. யாராவது "ஐயோ பாவம்" என்று ஆரம்பித்தால், "எந்த வார்டு வேணும், சொல்லுங்க" என்று ஆபரேட்டர் குரலில் கேட்டு வாயை அடைத்துவிடுவாள்.

பார்வை இல்லாதவள் எப்படி வசனத்தைப் பார்த்துச் சொல்வாள் என்று கேட்பீர்கள். பார்த்துச் சொல்கிறாள் என்று யார் சொன்னது? தடவிச் சொல்கிறாள். பிரெயில் தெரியும் அல்லவா, விரலால் தடவிப் படிக்கிற புள்ளி எழுத்து? அதில் முழு நாடகத்தையும் அடித்துக் கட்டாக மடியில் வைத்துக்கொள்வாள். திரைக்குப் பின்னால் கும்மிருட்டு. முன்பு அந்த இடத்தில் கண்ணாடிக் கடைக்காரர் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார். ராஜா அரியணையில் சாய்ந்து அழுகிற நேரத்தில் அவர் காதோரம் ஒரு வெளிச்ச வட்டம் ஈ மாதிரி ஆடும். சபையில் பாதிப்பேர் ராஜாவை விட்டுவிட்டு அந்த வட்டத்தைத்தான் பார்ப்பார்கள்.

ஒருநாள் ஒத்திகை நடுவே கரண்டும் போனது, டார்ச்சும் மக்கர் பண்ணியது. ராஜா வேஷக்காரர் பாதி வாக்கியத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். இவளுடைய வீட்டுக்காரர் குழுவுக்கு லைட் போடுகிறவர். அவரோடு சும்மா வந்தவள், பொழுதுபோக்காக, அந்த நாடகத்தை வீட்டில் அடித்துவந்த தன் புள்ளிப் பிரதியைத் தடவிக்கொண்டு மூலையில் இருந்தாள். அந்த இருட்டில் அடுத்த வரி அவளிடமிருந்து வந்தது. அன்றிலிருந்து திரைக்குப் பின்னால் இருக்கிற ஸ்டூல் அவளுடையது. கண்ணாடிக் கடைக்காரர் டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

அந்த ஸ்டூல் மேல் அவளுக்கு உயிர். நாளெல்லாம் யாராவது கையைப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைக்கிறார்கள், படி இருக்கு படி இருக்கு என்று பயமுறுத்துகிறார்கள். நாடகம் நடக்கும்போது மட்டும் கதை தலைகீழ். வெளிச்சத்தில் நிற்கிறவர்கள் தடுமாறுவார்கள், இருட்டில் இருக்கிற இவள் பிடித்து நிறுத்துவாள். அந்தச் சுகம் சம்பளத்தில் வருமா?

வசனத்தைப் புள்ளியாக அடித்துத் தருவது எருமை. எருமை என்பது அவர்கள் வீட்டு பிரெயில் பிரிண்டர். பார்வையற்றோர் பள்ளி ஒன்றை இடம் மாற்றியபோது வேண்டாமென்று தள்ளியதை, இரண்டு ஆள் தூக்கிக்கொண்டுவந்து படுக்கை அறையில் வைத்தார்கள். கறுப்பு நிறம், கட்டில் பாதி அகலம். மை கிடையாது. கெட்டிக் காகிதத்தில் ஊசி ஊசியாகக் குத்திப் புள்ளி எழுப்பும். முதல் தடவை ஓட்டியபோது கீழ் வீட்டுக்காரர்கள் சுவரை இடிக்கிறார்கள் என்று நினைத்து மேலே ஓடிவந்தார்கள். எருமைக்குப் பக்கத்தில் அதே வயசுக் கம்ப்யூட்டர் ஒன்று. இரண்டும் நன்றாகத்தான் குடித்தனம் நடத்தின.

புது நாடகம் ஞாயிற்றுக்கிழமை. அந்த வாரம் பார்த்துத்தானா கம்ப்யூட்டர் போகவேண்டும்? ஸ்விட்சைப் போட்டதும் ஒரு பெருமூச்சு விட்டது, கருகின வாடை வந்தது, அவ்வளவுதான், ஆள் காலி.

வீட்டுக்காரர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எந்த மெஷினாக இருந்தாலும் திறந்து துடைத்தால் ஓடும் என்பது அவர் மதம். திறந்தார், துடைத்தார், மூடினார். ஓடவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றாள்.

"சுத்தமா இருக்கு. செத்துட்டாலும் சுத்தமா இருக்கு."

விஷயம் தெரிந்து நாத்தனார் தன் வீட்டில் புதிதாக வாங்கிய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். "வச்சுக்கோங்க அண்ணி, உங்க நாடகம் முடியட்டும்." தட்டு கனம்தான் இருந்தது. வீட்டுக்காரர் எருமையின் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். கேபிளின் முனை தீப்பெட்டி அகலம், லேப்டாப்பில் இருந்த ஓட்டைகளோ எறும்பு நுழைகிற அளவு. இந்தக் கம்ப்யூட்டர் செய்கிறவர்களுக்கு ஓட்டைகள் மேல் என்ன ஜென்ம விரோதமோ தெரியவில்லை. வருஷத்துக்கு ஒன்றாக அடைத்துக்கொண்டே வருகிறார்கள். போகிற போக்கில் கரண்ட் ஒயரைக்கூட நம் வாயில்தான் செருகிக்கொள்ள வேண்டும்.

விஷயம் நாடகத்தின் டைரக்டர் அக்கா காதுக்குப் போனது. அவர் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர். தண்ணீருக்குள் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி கத்திப் பழகிய தொண்டை. போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தால்தான் நம் காது தப்பும்.

"லேப்டாப் பேசுமே! காதுல மாட்டிக் கேட்டுச் சொல்ல முடியாதா?"

"ஒரு காதுல அது நிக்காம ஓடும், இன்னொரு காதுல நம்ம ராஜா நின்னு நின்னு பேசுவாரு. ரெண்டு பேர் ஒரே நேரத்துல என்னைத் திட்டுற மாதிரி இருக்கும் அக்கா. எனக்கு விரல்லதான் வரும்."

"கையால எழுதிடேன்!"

"கையால குத்தி எழுதினா அடுத்த நாடகத்துக்கு ரெடியாகும்."

அக்கா கொஞ்சம் யோசித்தார். "சரி, சனிக்கிழமை ஒத்திகைக்கு வசனம் உன் கையில இருந்தா நீ உட்காரு. இல்லாட்டி கண்ணாடிக் கடைக்காரரைக் கூப்பிட்டுக்கறேன். நீ ஜம்முனு முன் வரிசையில உட்கார்ந்து நாடகம் பாரு."

போனை வைத்துவிட்டு, "பாரு-வாம்! எதைப் பார்க்கறது?" என்று சிரித்தாள். முன் வரிசை நாற்காலி யாருக்கு வேண்டும்? ஒருதடவை அந்த ஸ்டூலை விட்டு எழுந்தால் திரும்ப உட்கார முடியுமா என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. டார்ச் பிடிக்க ஆயிரம் பேர் கிடைப்பார்கள்.

மறுநாள் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கடைக்குப் போய்க் கேபிளை மேஜைமேல் வைத்தார். கடைக்காரப் பெண் அதைத் தொடாமலே, "சார், இது எந்தக் காலத்துது?" என்றாள். "ஓடுற காலத்துது" என்றார் இவர். அவள் சிரித்துக்கொண்டே அலமாரியின் அடித்தட்டில் துழாவி ஒரு இணைப்பு ஒயரைத் தேடி எடுத்துக்கொடுத்தாள். ஒரு முனை தீப்பெட்டி, மறுமுனை எறும்பு. மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

அன்றைக்கு இவளுக்குப் பகல் டியூட்டி. சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போன் மணி அடித்தது.

"வணக்கம், ஆஸ்பத்திரி."

"ஓடுது! எருமை ஓடுது!"

"எந்த வார்டு சார்?"

"அடியே, நான்தான்! காதுல விழுதா?" பின்னணியில் எருமை டக டக டகவென்று பாறை உடைத்துக்கொண்டிருந்தது. லேப்டாப் பிரிண்டரின் பெயரைக் கேட்டதாம். இருக்கிற பெயர்களில் எருமையின் பெயர் இல்லையாம். கடைசியில் 'எழுத்து மட்டும்' என்று பொதுவாக ஒன்று இருந்ததாம், அதைத் தட்டினாராம். உடனே எருமை எழுந்துகொண்டதாம். "நீ வர்றதுக்குள்ள நாடகம் முழுசும் ரெடி!"

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அன்று மத்தியானம் போன் செய்தவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி என்றே தோன்றியிருக்காது, அப்படிக் குழைந்து பேசினாள்.

வீடு வந்ததும் கையைக் கூடக் கழுவாமல் கட்டை மடியில் வாங்கிக்கொண்டாள். அவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். பரிசு வாங்க நிற்கிறவர் போல் மூச்சு விடுவது கேட்டது. முதல் வரியைத் தடவினாள். இரண்டாவது வரி. நடுவில் ஒரு பக்கம். கடைசிப் பக்கம்.

"என்னங்க, இது எந்த நாடகம்?"

"நம்ம நாடகந்தான். ஏன்?"

"ராஜா, ராணி, சேவகன், எல்லாரும் ஒரே எழுத்தைத்தான் பேசறாங்க. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே எழுத்து!"

அவர் ஒரு தாளை வாங்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "புள்ளி புள்ளியா அழகாத்தானே இருக்கு."

அவளுக்கு அடக்க முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டு மடியிலிருந்து சரிந்தது. நடந்தது இதுதான்: எருமைக்குத் தமிழ் தெரியாது, புள்ளி மட்டும்தான் தெரியும். எழுத்தைப் புள்ளியாக மாற்றிக்கொடுக்கிற வேலையைப் பழைய கம்ப்யூட்டரில் இருந்த ஒரு மென்பொருள் செய்துவந்தது. இவர் அது இல்லாமல் நேராகத் தமிழை அனுப்பிவிட்டார். தெரியாத எழுத்து வந்த இடத்திலெல்லாம் அந்த 'எழுத்து மட்டும்' ஒரு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பியிருக்கிறது. முழு நாடகமும் கேள்விக்குறி! பார்வை உள்ள மனுஷன் பக்கத்திலேயே நின்று பக்கம் பக்கமாக ரசித்திருக்கிறார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி போகட்டும், பேப்பர் மிச்சம் இருக்கில்ல?" என்றாள்.

காகிதப் பெட்டியைக் காலால் தள்ளுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க?"

"பெட்டி காலி" என்றார் மெதுவாக.

அவளுக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அது சாதாரணக் காகிதம் இல்லை. அட்டை மாதிரி கெட்டியாக, ஓரத்தில் வரிசையாக ஓட்டை போட்டு, மடிப்பு மடிப்பாக ஒரே நீளமாக வருவது. கடையில் கிடைக்காது. சொல்லிவைத்தால் ஒரு வாரம் கழித்து வரும். "இனிமே என்ன செய்வேன்? அந்த மனுஷன் டார்ச்சை எடுத்துக்கிட்டு வந்து உட்காரப் போறாரு" என்று அழுதே விட்டாள். அவர் கையைப் பிசைந்துகொண்டு, "நான் ஒரு மடையன்" என்றார். அவளும் மறுக்கவில்லை.

அழுகை நின்றதும் முதலில் டெலிபோனை எடுத்தாள். அது அவளுடைய ஆயுதம். எருமை முன்பு இருந்த பள்ளியின் ஆபீசில் வேலை பார்த்தவரை எங்கெங்கோ கேட்டுப் பிடித்தாள். அவரிடமும் இதே எருமையின் தம்பி ஒன்று இருந்தது, அவரும் இதே பாடுபட்டிருந்தார். புது லேப்டாப்பில் ஓடுகிற மாற்றும் மென்பொருளை உடனே அனுப்பிவைத்தார். "முதல்ல அதுல மாத்துங்க. அப்புறம் அந்தப் புள்ளியை உங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்ச 'எழுத்து மட்டும்' வழியா அனுப்புங்கம்மா. அவர் பாதிக் கிணறு தாண்டிட்டாரு." லேப்டாப் திரையைப் படித்துச் சொல்லச் சொல்ல, அவளே அதை உள்ளே ஏற்றினாள். ஒழுங்காகத்தான் போனது. இனி காகிதம் ஒன்றுதான் இல்லை.

வீட்டுக்காரர் கேள்விக்குறி மலையின் நடுவில் உட்கார்ந்து ஒரு தாளைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை அழிக்க வழியே இல்லியா?"

"ஸ்கூல்ல தப்பா குத்திட்டா நகத்தால தேய்ச்சு அமுக்குவோம். அது ஒரு எழுத்து, ரெண்டு எழுத்துக்கு. நாடகத்துக்கு நகம் போதுமா?"

அவர் எழுந்துபோனார். துணி நனைக்கிற சத்தம், அப்புறம் இஸ்திரிப் பெட்டி சூடாகிற வாசனை. ஈரத் துணியைத் தாள் மேல் விரித்து ஒரு அழுத்து அழுத்தினார். 'உஸ்ஸ்' என்றது. ஆறவிட்டு அவள் கையில் கொடுத்தார். தடவினாள். பழைய புள்ளி அமுங்கி வெறும் வடுவாகத்தான் இருந்தது. அதையே எருமையில் செருகி ஒரு வரி அடித்துப் பார்த்தார்கள். வடுவுக்கு மேலே புது எழுத்து முள்ளாகக் குத்தியது.

"வருது!" என்று கத்தினாள். "ராஜா பேசறாருங்க! உண்மையான ராஜா!"

வெள்ளிக்கிழமை லீவு போட்டார்கள். மலையளவு காகிதத்தை ஒரு இஸ்திரிப் பெட்டியை வைத்துக்கொண்டு எத்தனை என்று தேய்ப்பது? பல் டாக்டர் வந்து சேர்ந்தார். ராஜா வேஷக்காரர் அவர்தான். எந்த நாடகத்திலும் வசனத்தை உருப்படியாகப் படித்துவந்ததில்லை. நாள் முழுக்க வாயைத் திறந்தபடி கிடக்கிறவர்களிடம் பேசுகிற மனுஷன். தான் என்ன சொன்னாலும் எதிராளி பதில் சொல்லமாட்டான் என்கிற தைரியம். அசரீரிக்கு ஸ்டூல் போகும் என்றால் இவருக்குத்தான் முதலில் காய்ச்சல் வரும். தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அறைக்குள் ஒரே ஆவி. இரண்டு ஆண்களும் மடிப்புக் கலையாமல் தேய்த்துத் தேய்த்துத் தள்ள, எருமை அதை வாங்கிக் குத்திக் குத்தித் தள்ள, அடித்து வந்ததைத் தப்பு இருக்கிறதா என்று அசரீரி உரக்கப் படித்துக்கொண்டே போனாள். ராணியின் வசனத்தை அவள் படித்தால், இஸ்திரி போட்டபடியே டாக்டர் ராஜாவாகப் பதில் சொல்வார். சொல்லத் தெரியாவிட்டால் அவள் விடமாட்டாள். "ஹும், தாள் அப்படியே இருக்கட்டும். முதல்ல வசனம்." ஒருதடவை ராஜா சிம்மாசனத்தைத் துறக்கிற உருக்கத்தில் பெட்டியை எடுக்க மறந்து, காகிதத்தில் பழுப்பாக ஒரு முக்கோணம் விழுந்தது. கீழ் வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார். பொழுது சாய்வதற்குள் நாடகம் முழுசும் கட்டாகிவிட்டது.

சனிக்கிழமை ஒத்திகைக்குக் கண்ணாடிக் கடைக்காரர் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அசரீரி கட்டை மடியில் வைத்து ஸ்டூலில் அழுத்தமாக உட்கார்ந்தாள். ஆனால் என்ன கொடுமை பாருங்கள், டாக்டர் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை! நாளெல்லாம் இஸ்திரியோடு சேர்த்து வசனமும் அவருக்குள் படிந்துவிட்டது. கொட்டு கொட்டென்று கொட்டினார்.

டைரக்டர் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "அடேங்கப்பா! இனிமே நம்ம ராஜாவுக்கு அசரீரியே வேண்டாம் போலிருக்கே!" என்று கூரை அதிரச் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தாள். "நல்லாத்தானே நடந்துச்சு?" என்றார் வீட்டுக்காரர். "நல்லாத்தான் நடந்துச்சு. அதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. ராஜாவின் அரியணை மேடையின் ஓரத்தில். அதற்கும் அவள் ஸ்டூலுக்கும் நடுவில் ஒரு திரைதான். நாடகம் போய்க்கொண்டே இருந்தது. யாருக்கும் எதுவும் மறக்கவில்லை. அவள் விரல் மட்டும் வசனத்தோடு கூடவே ஊர்ந்துகொண்டிருந்தது. ஈரம் பட்டுச் சூடு பட்டு மொடமொடவென்று ஆன காகிதம், விரல் போகப்போகச் சரசரவென்றது. பாதி நாடகம் தாண்டியும் அவளுக்கு வேலை வரவில்லை. பிரிண்டரோடு மல்லுக்கட்டி, அழுது, ஊரையே இஸ்திரி போட வைத்து, கடைசியில் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கு ஆத்தாமையாக வந்தது. இதற்கு அந்த முன் வரிசை நாற்காலியே மேல். கடைசிக் காட்சி வந்தபோது, போதும் என்று விரலை எடுத்து மடியில் கோத்துக்கொண்டு காதால் மட்டும் கேட்க ஆரம்பித்தாள்.

மகள் அரண்மனையை விட்டுப் போகிற காட்சி. ராஜா எழுந்தார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

சபை அதை நடிப்பு என்றே நினைத்தது. எதிர்ப்பக்கத்தில் லைட் போட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரரும் அப்படியே நினைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்தார். அசரீரிக்கு மட்டும் தெரிந்தது, ஆள் முழுகிக்கொண்டிருக்கிறார் என்று. திடுக்கிட்டு விரலைக் காகிதத்தில் போட்டாள். எந்தப் பக்கம், எந்த வரி? தடவினாள், தாண்டினாள், திரும்பினாள், பிடித்தாள். "போகிறவளைத் தடுக்காதீர்கள்" என்று திரைக்குள் வாயை வைத்துச் சொன்னாள்.

"போகிறவளைத் தடுக்காதீர்கள்" என்றார் ராஜா, குரல் நடுங்க. "வாசல் கதவை மட்டும் சாத்தாமல் வையுங்கள்."

அரங்கத்தில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவள் அதற்கப்புறம் விரலை எடுக்கவே இல்லை. கைதட்டல் ஓய்ந்து திரை விழுந்ததும் டாக்டர் கிரீடத்தைக் கழற்றாமலே அவளிடம் ஓடிவந்தார்.

"ஏம்மா, ஏன் நிறுத்திட்டீங்க?"

"நான் எதை நிறுத்தினேன்? நீங்கதான் வசனத்தை மறந்துட்டு நின்னீங்க டாக்டர்."

"விரலை! சரசரன்னு ஓடிக்கிட்டே இருந்துச்சே, திடீர்னு நின்னு போச்சு. நீங்க எழுந்து போயிட்டீங்களோன்னு நினைச்சேன். அவ்வளவுதான், தலைக்குள்ள ஒரு வார்த்தை இல்ல."

"முழுசும்தான் உங்களுக்கு மனப்பாடமாச்சே?"

"மனப்பாடம்தான். அதுக்கென்ன? நீங்க கூடவே படிக்கிறீங்கன்னு தெரிஞ்சாத்தான் எனக்கு வாய் வரும். இத்தனை வருஷமா நான் வசனத்துக்காகவா உங்களை நம்பிக்கிட்டு இருந்தேன்?"

அவள் கண்ணைத் துடைக்காமலே டாக்டரின் கையைப் பிடித்து, மொடமொடத்த அந்தக் காகிதத்தின் மேல் வைத்தாள்.